பத்து வருஷம் கழித்தும் திறக்குமா?

வீட்டு அறையில் உட்கார்ந்து பாட்டுப் போடும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, ஃப்ரீயா நல்ல ப்ளக்-இன் எது?" என்பதுதான். பதில் சுலபம். சின்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி, எண்பதுகளின் கீபோர்டு மணியோசைக்கு டெக்ஸ்ட், ரிவர்புக்கு வல்ஹல்லா சூப்பர்மாசிவ், ஈக்யூவுக்கு டிடிஆர் நோவா, எந்த அதிர்வெண் துருத்துகிறது என்று கண்ணால் பார்க்க வோக்ஸெங்கோ ஸ்பான். இந்த ஐந்தை இறக்கிவைத்தால் குறும்படம் ஒன்றுக்குப் பின்னணி இசையே முடித்துவிடலாம். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இன்று போட்ட பாட்டை 10 வருஷம் கழித்துத் திறந்தால் இந்த வாத்தியம் அங்கே இருக்குமா?

ஹாம்பர்க்கின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1996-ல் விஎஸ்டி முறையைக் கொண்டுவந்தது. யாரோ எழுதிய எஃபெக்டை அதன் இசை மென்பொருளான க்யூபேஸில் செருகிக்கொள்ளலாம் என்று ஆனது. 1999-ல் வாத்தியங்களும் செருகும் பொருளாயின. அடுத்து சின்த்எடிட் என்ற மென்பொருள் வந்து, நிரல் எழுதத் தெரியாதவரையும் வாத்தியம் செய்பவராக்கிவிட்டது. பெட்டிகளைத் திரையில் வைத்து ஒயர் இழுத்தால் போதும். இலவச வாத்தியங்கள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்தன. சில அற்புதம், பல வெறும் அலங்காரம். பெரும்பாலானவை 32 பிட். கணினிகள் 64 பிட்டுக்கு நகர்ந்தன. 2019-ல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் 32 பிட் மென்பொருள் எதையும் ஓடவிட மாட்டேன் என்றது. செய்தவரோ அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். மூலநிரல் அவருடைய பழைய ஹார்டு டிஸ்கோடு முடிந்திருக்கும். அந்தக் காலத்துப் பாட்டைத் திறந்தால் நோட்டுகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன, வாசிக்கத்தான் ஆள் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை டெக்ஸ்டினுடையது. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் விப்ராட்டோவை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஓர் அலையின் சுருதியை இன்னோர் அலையால் ஆட்டினால் அது விப்ராட்டோ. ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குமேல் நடுக்கம் காதில் விழாமல், மணியும் பித்தளையும் போன்ற புது ஓசைகள் பிறக்கின்றன. இதுதான் எஃப்எம் முறை. உரிமத்தை யமஹா வாங்கியது. 1983-ல் டிஎக்ஸ்7 என்ற கீபோர்டு வந்தது. அமெரிக்க விலை 1,995 டாலர். ஆபரேட்டர் எனப்படும் அலை உருவாக்கிகள் ஆறு, அவற்றை இணைக்க 32 வழிகள். இதைப் புரிந்துகொண்டு சொந்த டோன் உருவாக்கியவர்கள் குறைவு. மற்றவர்கள் கூடவே வந்த டோன்களையே வாசித்தார்கள். அதனால்தான் எண்பதுகளின் காதல் பாட்டுகள் பலவற்றில் ஒரே எலெக்ட்ரிக் பியானோ கேட்கிறது.

அந்தக் கீபோர்டில் ஒரு டோனின் அமைப்பு 128 பைட்டில் சேமிக்கப்படும். 32 டோன் சேர்ந்தால் 4 கிலோபைட். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் குட்மார்னிங் படம் ஒன்றின் இடத்தில் இப்படி இருபது தொகுப்பை அடைத்துவிடலாம்! நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ உருவாக்கிய டோன்களை, அதே கீபோர்டைக் கணினியில் போலச்செய்யும் டெக்ஸ்ட் இன்று அப்படியே படிக்கிறது. இதற்குள் இருக்கும் ஒலி எந்திரத்தை ராஃப் லெவியன் ஆண்ட்ராய்டு போன்களுக்காக எழுதி, நிரலைத் திறந்துவைத்தார். அதை எடுத்து பாஸ்கல் கோதியே டெக்ஸ்ட் செய்தார். அதிலிருந்து கிளைத்த மினிடெக்ஸ்ட், உள்ளங்கை அளவு ராஸ்ப்பெர்ரி பை கணினியில் எட்டு டிஎக்ஸ்7-களை ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. ஒருவர் சலித்து விலகினாலும் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம்.

சர்ஜும் அப்படித்தான் பிழைத்தது. கிளாஸ் யோஹான்சன் தன் வெம்பர் ஆடியோ பெயரில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த வாத்தியம் அது. 2018-ல் நிரலைத் திறந்துவிட்டார். தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்து, 2022-ல் எக்ஸ்டி என்று வெளியிட்டார்கள். அவர் பேசாமல் கடையை மூடியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

மூடிய நிரலெல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. 2020-ல் வந்த சூப்பர்மாசிவ் மூடியதுதான். அதே நிறுவனம் மற்ற ரிவர்ப்களை விற்றுப் பிழைக்கிறது, இது வாசலில் வைத்த மாதிரிச் சரக்கு. நான் மனசாரப் பயன்படுத்துகிறேன். ஒரே ஜாக்கிரதை: பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என வேவ் கோப்பாக எடுத்துவைத்துவிடுவேன். இடம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

நம் ஊர்க்காரர்களின் அடுத்த கேள்வி நாதஸ்வரமும் தவிலும் எங்கே என்பது. பியானோவுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அலெக்சாண்டர் ஹோல்ம் ஒரு யமஹா சி5 பியானோவில் மூன்று கட்டைக்கு ஒன்றாக, மெல்லத் தொடுவதிலிருந்து ஓங்கி அடிப்பதுவரை 16 அழுத்தங்களில் பதிவுசெய்து, சாலமாண்டர் என்ற பெயரில் ஊருக்கே கொடுத்துவிட்டார். நான் தேடிய வரையில் நாதஸ்வரத்துக்கு அந்தத் தரத்தில் இலவசமாக எதுவும் சிக்கவில்லை. அதற்கு அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பியானோவில் ஒரு ஸ்வரத்தைத் தனியாகப் பிடித்து டப்பாவில் போடலாம். தோடியின் காந்தாரத்தை அப்படிப் பிடித்தால் கையில் மிஞ்சுவது வெறும் சத்தம். அது அசைவில்தான் காந்தாரம். ஆகவே தற்காலிகமாக நான் டெக்ஸ்டிடமே போகிறேன். அதில் ஒலி கணக்குப் போட்டு உருவாவதால், பிட்ச் பெண்ட் சக்கரத்தின் எல்லையைக் கூட்டிக்கொண்டு எவ்வளவு வளைத்தாலும், வளைத்த பதிவில் வரும் பிசிறு வருவதில்லை. அசல் டிஎக்ஸ்7-ல் ஊதி ஓசையைக் கட்டுப்படுத்தும் கருவியைச் செருகவென்றே ஒரு துளை இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

உண்மையான நாதஸ்வரத் தொகுப்பு வேண்டுமென்றால், வித்வான் ஒருவரை உட்காரவைத்து, ஸ்வரங்களோடு அவற்றுக்கிடையே அவர் போகும் பாதைகளையும் ராகம் ராகமாகப் பதிவுசெய்ய வேண்டும். அவருக்கு நியாயமான சன்மானம் கொடுத்த பிறகு, கோப்புகளைத் திறந்துவைக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த தம்பிகள் நிறையவே இருக்கிறார்கள். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.