காலும் கருத்தும்

நம் ஊரில் முதியவர் ஒருவர் பேரன் பெயரை இருமுறை மாற்றி அழைத்தால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்னும் தீர்ப்பு உடனே பிறந்துவிடும். பின்னர்ச் சாய்மனைக் கதிரையே அவருக்கு உலகம். கடைக்குப் போகவிடோம், கணக்குப் பார்க்கவிடோம். இதனை அன்பென்று கருதுகின்றோம். அஃது அன்பன்று என்பதே எம் துணிபு.

யப்பானில், ஓபு நகரிலுள்ள தேசிய முதுமை மருத்துவ நிலையத்தார் கொக்னிசைஸ் என்றொரு பயிற்சியை வகுத்துள்ளனர். கால்களை மாறி மாறி எடுத்துவைத்துக்கொண்டே எண்ணவேண்டும். 3, 6, 9 என மூன்றின் மடங்கு வருந்தோறும் கைகொட்டவேண்டும். சற்றே மூச்சு வாங்கும் வேகம் நன்று. பிழைத்தால் சிரித்துவிட்டுத் தொடரலாம். பிழையே வாராது பழகிவிட்டால் கணக்கை மாற்றிவிட வேண்டும்; பழகிய கணக்கு மனத்துக்கு வேலை தராதன்றோ! (வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்ட ஆசிரியர் எவரும் இதனை அறிவர்.)

இரண்டையும் ஒருங்கே செய்வதேன்? இளமையில் நடை தானே நடக்கும். முதுமையிலோ அது மனத்தின் ஒரு பங்கைக் கேட்கின்றது. நடக்கையில் பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடும் முதியோரே பின்னர் மிகுதியாக விழுகின்றனர் எனச் சுவீடன் ஆய்வாளர் 1997 இல் எழுதினர்.

பின்லாந்தில், மறதிநோய் வரும் அபாயமுடைய 60 முதல் 77 வயது வரையான 1260 பேரை ஈராண்டு ஆராய்ந்தனர். உடற்பயிற்சி, மனப்பயிற்சி, நல்லுணவு, இரத்த அழுத்தக் கவனிப்பு யாவும் ஒருங்கே பெற்றோர், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றோரினும் அறிவுத்திறனில் மேம்பட்டமை 2015 இல் வெளிவந்தது. அவர்கள் நோய் முற்றியவரல்லர். முற்றிய நோயைப் பயிற்சி மாற்றிவிடும் என எவரேனும் கூறின் நம்பற்க. காலந்தாழ்த்தலாகாது என யாம் வற்புறுத்துவதும் அதனாலேயே.

நமக்கு இஃது அயலன்று. கோலாட்டத்திலே காலுக்கொரு வேலை, கைக்கொரு வேலை, நாவுக்கொரு பாட்டு. சிறுமியர்க்கென்று அதனை ஒதுக்கிவிட்டோம்.

விழா எடுக்கவும் மலர் வெளியிடவும் வல்ல பழைய மாணவர் சங்கத்தார்க்கு, வாரத்தில் ஒரு மாலை மண்டபத்தைத் திறந்து மூத்தோரை அழைத்தல் அரிதோ? நாலு வாங்கும், தாளந் தவறாத ஓர் ஆசிரியரும் போதும். விழாமற் காக்க அருகில் நிற்பதற்கு உயர்வகுப்பு மாணவர் வேண்டும். இதயநோய் உடையோர் வைத்தியரைக் கேட்டே வரவேண்டும். மறதி தொடங்கியவர் வெட்கத்தால் தாமாக வாரார். ஆதலின் அறுபது கடந்த எல்லோரையும் அழைத்தல் வேண்டும். வந்தவருள் மறதியுடையார் எவர் என்று வாயிலில் ஒருவரும் கேட்கலாகாது.