பூட்டியது தீவை, விடிந்தது யார் தலையில்?

ஒரு கடையைப் பூட்டலாம். ஒரு ஓட்டலுக்கு சீல் வைக்கலாம். ஒரு முழுத் தீவையே இழுத்துப் பூட்டி, கரையில் போலீசை நிறுத்தின கதை கேட்டதுண்டா?

நடந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டில். தீவின் பெயர் போராகாய். பூட்டிய நாள் 2018 ஏப்ரல் 26. திறந்தது அக்டோபர் 26. ஆறு மாசம் ஒரு உல்லாசப் பயணிகூட உள்ளே கால் வைக்க முடியவில்லை. காவலுக்கு 600-க்கும் மேற்பட்ட போலீசார்!

பழைய கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? 2025 ஜூன் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 14 நாள் தங்கலாம் என்று அந்த நாடு அறிவித்தது. அக்டோபரில் டெல்லியிலிருந்து மணிலாவுக்கு நேர் விமானமும் விட்டார்கள். பாங்காக், பாலி என்று போய் வந்தவர்களின் கண் இனி இந்தப் பக்கம் திரும்பாமல் இருக்காது. போனஸைச் சேர்த்து, சீட்டுப் பணத்தை எடுத்துப் போகிறவர்கள், எப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

அழகான தீவுதான். அதில் சந்தேகமே இல்லை. மொத்தமே ஆயிரம் ஹெக்டேர் சொச்சம். நீளம் ஏழு கிலோ மீட்டர். இடுப்புப் பக்கம் ஒரு கிலோ மீட்டர்கூட அகலம் கிடையாது. மேற்கே நாலு கிலோ மீட்டருக்கு மாவு மாதிரி வெள்ளை மணல். கிழக்கே புலாபோக் கடற்கரை. நவம்பரில் வாடைக்காற்று தொடங்கினால் மேற்குக் கரை குளம் மாதிரி கிடக்கும். கிழக்குக் கரையிலோ காற்று பிய்த்துக்கொண்டு போகும். பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைமேல் பறக்கிற விளையாட்டு அங்கேதான். சாயங்காலம் ஆனால் 'பராவ்' என்கிற பாய்மரப் படகில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. மார்க்கெட்டில் மீனோ, இறாலோ எடை போட்டு வாங்க வேண்டியது. பக்கத்துக் கடையில் கொடுத்தால் கூலிக்குச் சமைத்துத் தருவார்கள். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அது சொர்க்கம்.

வடிகாலில் கள்ள இணைப்பு

இப்படிப்பட்ட இடம் ஏன் நாறிப்போனது? நம்ம ஊர் ஆசாமிக்கு விளக்கவே தேவையில்லை. மழைத் தண்ணீர் போவதற்கு வடிகால் கட்டினார்கள். ஓட்டல்கள் அதிலே கழிப்பறைக் குழாயைச் சொருகின. மணலைத் தோண்டினால் ரகசியக் குழாய்! அத்தனையும் நேரே கடலுக்கு. முன்னால் குளிக்கிறவன் குளித்துக்கொண்டிருக்கிறான், பின்னால் இந்தக் கூத்து.

ஒரே நாளில் நடந்த கோளாறும் இல்லை. 1997-லேயே கடல் தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக அரசாங்கமே சொன்னது. மலக்கழிவு கலந்தால் தெரிகிற கிருமி அது. கொஞ்ச நாள் கூட்டம் குறைந்தது. அப்புறம் மறந்தாச்சு. 20 வருஷம் கல்லா நிறைந்தது. 2017-ல் மட்டும் வந்தவர்கள் 20 லட்சம் பேர். வருமானம் 5,600 கோடி பெசோ. இத்தனை பணம் புரண்ட இடத்தில் ஒழுங்கான சாக்கடைக்கு வழியில்லை!

2018 பிப்ரவரியில் அப்போதைய அதிபர் ரோட்ரிகோ டுடெர்டே, அந்தத் தீவு மலக்குழியாகிவிட்டது என்று மேடையிலேயே போட்டு உடைத்தார். அடுத்த இரண்டரை மாசத்தில் பூட்டு.

பூட்டியது சரிதான் என்போம். அலைக்கோட்டிலிருந்து 30 மீட்டருக்குள் இருந்த கட்டடங்களை இடித்தார்கள். கடற்கரையில் குடி, சிகரெட், ராத்திரிக் கும்மாளம் எல்லாவற்றுக்கும் தடை போட்டார்கள். புகை கக்கும் மூணு சக்கர வண்டிக்குப் பதில் பேட்டரி வண்டி வந்தது. சபாஷ்!

ஆனால் யார் தலையில் விடிந்தது? குழாய் சொருகின முதலாளிக்கு ஆறு மாச நஷ்டம். அவர் தாங்குவார். பதிவேட்டில் இருந்த தொழிலாளிகளே சுமார் 17 ஆயிரம் பேர். அதற்கு மேலே சர்பத் விற்றவர், தலைமுடி பின்னிவிட்டவர், வண்டி ஓட்டியவர். இவர்கள் எந்த வடிகாலில் குழாய் சொருகினார்கள்? கொஞ்சம் உதவித்தொகை, கொஞ்சம் தினக்கூலி வேலை கொடுத்தார்கள். ஆறு மாச வீட்டு வாடகைக்கு அது எந்த மூலைக்கு? உள்ளூர்க்காரன் தன் கடலில் குளிக்கக்கூட ஒரே ஒரு இடம்தான். அதுவும் காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான்.

கணக்குப் பாருங்கள்

திறக்கும்போது ஒரு வரம்பு வைத்தார்கள். ஒரு நேரத்தில் தீவில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆள் மூணு நாள் தங்குவார் என்று வைத்து, ஒரு நாளைக்கு 6,405 பேரை உள்ளே விடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. பென்சிலை எடுங்கள். 6,405-ஐ 365-ஆல் பெருக்குங்கள். 23 லட்சத்து 37 ஆயிரத்து 825! தீவு நாறிப்போன 2017-ல் வந்ததே 20 லட்சம்தான். திருவிழா நெரிசலுக்குத்தான் இந்த வரம்பு தடை. வருஷக் கூட்டத்தை அது ஒன்றும் குறைக்காது. அதையாவது காப்பாற்றினார்களா? 2022 ஏப்ரலில், புனித வார விடுமுறையில், தீவிலிருந்த பயணிகள் 22 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். 2023-ல் மறுபடி 20 லட்சத்துக்கு மேல்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. அந்தத் தீவின் பூர்வகுடிகளுக்கு ஆதி என்று பெயர். நம்ம பாஷையில் அர்த்தம் பண்ணினாலும் பொருத்தம்தான்! ஓட்டல்கள் வளர வளர இவர்கள் மூலைக்குத் தள்ளப்பட்டார்கள். நிலத்துக்காகப் பேசிய அவர்களது இளைஞர் தலைவர் ஒருவரை 2013 பிப்ரவரியில் சுட்டே கொன்றார்கள். 2018 நவம்பரில் டுடெர்டே நேரில் வந்து இவர்களுக்கு நிலப் பத்திரம் கொடுத்தார். விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலம், கொடுத்தது செல்லாது என்று சொந்தம் கொண்டாடியவர்கள் வழக்காடினார்கள். 2024 மார்ச்சில் தனியார் காவலாளிகள் வந்து வேலி போட்டு ஆதிகளை வெளியே தள்ளினார்கள். ஓட்டல் கட்ட மட்டும் லாயக்கான மண் போலிருக்கிறது!

போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். நடைபாதை ஓரத்துச் சின்னக் கடையில் சாப்பிடட்டும், உள்ளூர்க்காரன் படகில் ஏறட்டும். தீவுக்குப் படகு ஏறும் காத்திக்லான் துறையில் சுற்றுச்சூழல் கட்டணம் என்று தலைக்கு ஒரு தொகை வாங்குகிறார்கள். வாங்கட்டும். அதே கவுண்டருக்குப் பக்கத்தில் தினமும் ஒரு போர்டு வைக்க வேண்டும். இன்றைக்குத் தீவில் எத்தனை பேர், கடல் தண்ணீரில் கிருமி எவ்வளவு, இந்த மாசம் பிடிபட்ட கள்ளக் குழாய் எத்தனை, அது எந்த ஓட்டலுடையது என்று சாக்பீஸில் எழுதினால் போதும்.