பந்து வைத்த தார்ப்பாய்

வீட்டை ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறீர்களா? அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் அதைத்தான் செய்கிறான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த வண்டி. நிறுத்திவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால், மேஜை டிராயர் மாதிரி ஒரு பக்கச் சுவர் வெளியே வந்து அறை பெரிதாகிவிடும். கிளம்பும்போது அமுக்கினால் உள்ளே போய்விடும்.

அங்கேதான் வம்பு. நீட்டிய பாகத்தின் தலை தட்டை. இலை, சருகு, மழைத்தண்ணீர் எல்லாம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இழுக்கும்போது கூடவே வீட்டுக்குள் வந்துவிடுமாம். அதற்காக மேலே ஒரு சுருள் படுதா விற்கிறார்கள். அறை நீண்டால் விரியும். உள்ளே போனால் ஸ்பிரிங்கில் தானே சுற்றிக்கொள்ளும்.

"போடலாமா, வேண்டாமா மாமா?" என்று போனில் கேட்டான்.

கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறான்!

எங்கள் வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் 'தலையணை' என்றே ஓர் இடம் உண்டு. ஆனால் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் தலையணைக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை. வீட்டின் பின்பக்கம் அம்மாவுக்காக நாலடி நீட்டிக் கட்டிய அறை, பழைய சுவரும் புதுக் காங்கிரீட்டும் சேரும் இடத்தில் ஒழுகியது. கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டதும், தார்ப்பாயே போதும் என்று முடிவு செய்தேன்.

லாபம் உண்டு. ஒழுகல் நின்றது. வெயில் நேரே விழாததால் அறை குளிர்ந்தது. முருங்கை இலை மழைக்குழாயை அடைக்கவில்லை.

நஷ்டம்? ஆடியில் ராத்திரி பூரா படபடவென்று அடி. அம்மா கேட்டாள்: "ஏய்யா, விடிய விடிய கொட்டடிக்காங்களே, எந்தத் தெருவுல கொடை?"

ஐப்பசி மழையில் தார்ப்பாய்க்குத் தொப்பை விழுந்தது. கம்பால் குத்தித் தூக்கினேன். நாலு குடம் தண்ணீர், காபியோடு வந்த என் மனைவியின் தலையில்! அன்று காபி கிடைக்கவில்லை. மறுநாளும்.

பேரனின் கால்பந்தை நடுவில் செருகி மேடாக்கினேன். தண்ணீர் இருபக்கமும் வழிந்து ஓடியது.

"இங்கேயும் சில பேர் பந்துதான் வைக்கிறாங்க மாமா!" என்று சிரித்தான் மருமகன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. தை மாதம் தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தால், மயிரிழையாக இருந்த விரிசலில் விரல் நுழைந்தது. ஓரமாக இறங்கிய ஈரம் அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவர் முழுக்கப் பரவியிருந்தது. அவள் இருமலுக்கு நான் பனியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவர் நனைவது அவளுக்குத் தெரியும். பிள்ளைக்குச் செலவு என்று வாயைத் திறக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமேம்மா?"

"போத்திக்கிட்டா காய்ச்சல் போயிருமாய்யா?" என்றாள். அவ்வளவுதான்.

மறுவாரமே கொத்தனார் வந்தார். விரிசலைக் கொத்தி அடைத்து, வாட்டம் கொடுத்து, தட்டோடு பதித்தார். தார்ப்பாய்க்குக் கொடுத்தது தண்டச் செலவு.

மருமகனுக்குச் சொன்னேன்: "படுதா போடு. காற்று பலமானால் அறையை உள்ளே இழுத்துவிடு. ஆனால் படுதா இருக்கிறதே என்று ரப்பர் ஓரத்தைப் பார்க்காமல் விடாதே."

இருமல் நின்றுவிட்டது. அடுத்த ஆடியில் தார்ப்பாய்ச் சத்தம் இல்லாத முதல் ராத்திரி, இருட்டில் அம்மாவின் குரல்:

"கொடை முடிஞ்சிட்டாய்யா?"

"முடிஞ்சிட்டும்மா, தூங்கு."