கோலமா? காலமா?

கலைஞன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஒரு கோலத்தை நகரம் வகுத்து வைத்திருக்கின்றது. வாரப்படாத தலை, தைலமிட்டு வளர்த்த தாடி, முழங்காலைத் தொடும் ஜிப்பா, தோளில் ஒரு துணிப்பை. நள்ளிரவுக்குப் பின் உறக்கம், நண்பகலை ஒட்டி விழிப்பு, மாலையில் தேநீர்க் கடை. ‘மூடு’ வந்தால் வேலை, வராவிட்டால் அது வராததைப் பற்றிய பேச்சு. இவையே அக்கோலத்தின் அங்கங்கள். இன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என மேற்குப் புறநகர் எங்கும் இக்கோலத்தைக் காண்கின்றோம். நகரின் நடுப்பகுதியைவிட வாடகை சற்றுக் குறைவு என்பதால் உதவி இயக்குநர்களும், ஓவியர்களும், ஒலிப்பதிவாளர்களும், கவிஞர்களும் அங்கே குடியேறுகின்றனர். நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். அவர்கள் கலைத்துறைக்கு வருவது குறித்து நமக்கு மகிழ்ச்சியே. அவர்கள் பூண்டுகொள்ளும் கோலத்தோடுதான் நமக்கு வழக்கு.

இன்னொரு வழக்கும் உண்டு. அது நம் வீடுகளோடு. மகன் கலைஞன் வேடம் பூண்டு பகலெல்லாம் உறங்கினால், “பிள்ளை ஏதோ பெரிய வேலை செய்கிறான்” என்று கதவைச் சாத்திவிட்டு ஓசையின்றி நடமாடுகின்ற அதே வீடு, மகள் அரைமணி நேரம் தாளும் பேனாவுமாக அமர்ந்தால், “அடுப்பில் பால் பொங்குகிறதே, அங்கே என்ன செய்கிறாய்?” என்று குரல் கொடுக்கின்றது. இவ்விரண்டு வழக்குகளுக்கும் வேர் ஒன்றே. கலைக்குத் தேவையானது கோலம் என்று நினைக்கின்றோம். அதற்குத் தேவையானது காலம்.

காலத்தின் அருமையை அறிய மேற்குப் புறநகரைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறு இல்லை. 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகள் செய்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. நாட்டின் பீரங்கி வண்டிகள் அங்கிருந்து புறப்பட்டன. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. இரண்டு மூன்று தலைமுறைகளாக அங்குள்ள குடும்பங்கள் ‘ஷிப்ட்’ என்னும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்திருக்கின்றன. கொரட்டூர், பட்டரைவாக்கம், திருமுல்லைவாயில் நிலையங்களில் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்பவர்களைக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தின் விலை என்னவென்று அவர்கள் சொல்வார்கள்.

அவர்களுள் இரவு ஷிப்ட் பார்ப்பவர் விரும்பி விழித்திருப்பவர் அல்லர். கூலிக்காக விழித்திருக்கின்றார். அந்த விழிப்பு உடலை என்ன செய்யும் என்பதை அறிவுலகம் எடுத்துரைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் இயல்பான நாளொழுங்கைக் குலைக்கும் இரவுப் பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதத்தக்கது என 2007இல் வகைப்படுத்தியது. 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதனை உறுதி செய்தது. வேறு வழியின்றித் தொழிலாளி சுமக்கின்ற இந்தச் சுமையை, வழி இருந்தும் ஓர் இளைஞன் அணிகலனாகப் பூண்டு திரிவது எவ்வகை அறிவு? பக்கத்து வீட்டுக்காரர் இரவெல்லாம் இயந்திரத்தோடு போராடிவிட்டுக் காலையில் களைத்துத் திரும்புகின்றார். நம் கலைஞனோ இரவெல்லாம் செல்பேசியைத் தடவியபடி ‘மூடு’ வரக் காத்திருந்துவிட்டு, அதே களைப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றான்.

இந்தப் பெருமையால் கொழிப்பவர் யார் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பூவிருந்தவல்லியைச் சுற்றிப் படப்பிடிப்புத் தளங்கள் இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் உதவியாளர்களுக்கு வேலை தொடங்கும் நேரம் உண்டு. முடியும் நேரம் இல்லை. “கலைக்காகத்தானே!” என்ற ஒரு சொல் அவர்கள் வாயை அடைத்துவிடுகின்றது. உறங்காமையைப் பெருமையென எண்ணுகின்றவன், உறக்கம் கெட்டதற்குக் கூலி கேட்பது எங்ஙனம்? 2020 பிப்ரவரியில் அப்பகுதியிலுள்ள ஒரு படப்பிடிப்புத் தளத்தில், இரவு வேளையில், பளுதூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர். உதவி இயக்குநர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். திரையுலகத் தொழிலாளர்களின் பாதுகாப்பைப் பற்றி நாடே சில நாட்கள் பேசியது. பிறகு அடங்கிவிட்டது. கலைஞனின் உடலும் உடல்தான். அதற்கு மேல் இரும்பு விழுந்தால் அது நசுங்கும் என்பதை நினைவூட்ட மூன்று ஜனாஸாக்கள் தேவைப்படுமாயின், நாம் கலையைப் பற்றி என்னதான் கற்றிருக்கின்றோம்?

“பெரும் படைப்பாளிகள் எல்லோரும் தம்மை அழித்துக்கொண்டவர்கள்தாமே?” என்று கேட்பார் உண்டு. புதுமைப்பித்தனைக் காட்டுவார்கள், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைக் காட்டுவார்கள். புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் மாண்டார், வயது 42. பட்டுக்கோட்டையார் 1959இல் மறைந்தார், வயது 29. இவர்களது அகால மரணம் தமிழுக்கு நேர்ந்த இழப்பு. அதனை அவர்களது மேதைமைக்குச் சான்றாக்குவது, வீடு எரிந்ததை வீட்டின் அழகுக்குச் சான்றாக்குவதற்கு ஒப்பாகும். காசநோயா சிறுகதை எழுதிற்று? புதுமைப்பித்தனுக்கு இன்னும் 20 ஆண்டுகள் கிடைத்திருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கு நெஞ்சை அறுக்கும்.

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் செலுத்தவேண்டிய உரிமைகள் உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இதனைச் சற்று நின்று சிந்திப்பது நலம். அந்தத் தோழர் வீணாகக் கண்விழிக்கவில்லை, இறைவணக்கத்திற்காகக் கண்விழித்தார். அந்த விழிப்புக்கே வரம்பு வகுக்கப்பட்டதென்றால், கவிதைக்கும் குறும்படத்திற்குமான விழிப்புக்கு எவர் விலக்களிக்க முடியும்? ஆகவே உடலைப் பேணுதல் படைப்பாளிக்குக் கடன் தீர்த்தல் ஆகும். கண்ணுக்கு உறக்கம் கடன். வயிற்றுக்கு வேளைச் சோறு கடன். கால்களுக்கு நடை கடன். வீட்டாருக்கு முகம் கொடுத்துப் பேசுதல் கடன். தாடிக்குத் தைலம் வாங்குவோர் வாங்கட்டும். அதனைத் தடுப்பதற்கு நாம் யார்? கடனைத் தீர்த்துவிட்டுத் தைலம் பூசட்டும் என்கின்றோம்.

ஒழுங்கு வந்தால் கற்பனை வறண்டுவிடும் என்பது அடுத்த வாதம். இதற்கு மறுமொழியாக எகிப்தைப் பாருங்கள். 1988இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்ஃபூஸ், 1971இல் ஓய்வு பெறும்வரை அரசு ஊழியர். காலையில் அலுவலகம், அதன்பின் எழுதுவதற்கென வகுத்த நேரம், நடைப்பயிற்சி, நண்பர்களோடு காப்பிக் கடை. அவரும் காப்பிக் கடைக்குச் சென்றவர்தாம். ஆயினும் எழுத வேண்டிய நேரத்தைக் காப்பிக் கடைக்குக் கொடுத்தவர் அல்லர். புகழ்பெற்ற கெய்ரோ முந்நாவல், ஒரு குமாஸ்தாவின் மிச்ச நேரத்தில் பிறந்தது. 1994இல் கழுத்தில் கத்திக்குத்து விழுந்து வலக்கையின் நரம்புகள் பழுதுபட்டன. நாளொன்றுக்குச் சில நிமிடங்களுக்குமேல் எழுத இயலாத அந்த முதுமையிலும் அவர் எழுத்தை விடவில்லை.

அத்துணை தொலைவு போவானேன்? தோப்பில் முஹம்மது மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வாணிபம் செய்தவர். கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைத் திறந்த அந்த வணிகரின் ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வணிகம் அவரது கதையைக் கெடுக்கவில்லை. மனிதரை அறியும் வாய்ப்பை நல்கிற்று. அசோகமித்திரன் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதினார். பூங்காவின் பலகைக்கு வாடகை இல்லை, அலங்காரமும் இல்லை. இவர்களுள் எவரும் ‘கலைஞர்’ என்று பார்த்தவுடன் தெரியும்படி உடுத்தித் திரிந்தவர் அல்லர். கூட்டத்தில் கலந்து நின்றால் கண்டுபிடிக்க இயலாது. படித்தால்தான் தெரியும்.

இனி, வீடுகளோடு உள்ள வழக்கிற்கு வருவோம்.

மேலே சொன்னவர்கள் யாவரும் ஆண்கள். நேரம் அவர்களுக்கு அரிதாகத்தான் கிடைத்தது, ஆயினும் கிடைத்தது. பெண்ணுக்கு? மைய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதற்குச் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இடைவெளி 201 நிமிடங்கள். மூன்று மணி நேரத்திற்கும் மேல். பல பெண்களின் நாவல்களும் ஓவியங்களும் அந்த மூன்று மணி நேரத்திற்குள் புதைந்து கிடக்கின்றன. ரமலானில் அக்கணக்கு இன்னும் கூடும். வீடே உறங்கும்போது ஸஹருக்காக முதலில் எழுபவள் அவள். நோன்பு திறக்கும் வேளையில் கடைசியாக அமர்பவளும் அவளே.

சல்மாவின் வரலாற்றை அறியாதார் யார்? துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு பாதியில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண், மணமான பின்னர் இரவில், வீட்டார் அறியாமல், குளியலறையில் ஒளிந்து எழுதினார். தாயார் துணைநிற்க, அக்கவிதைகள் மறைவாக வெளியே சென்று வேறு பெயரில் அச்சேறின. 2004இல் வந்த அவரது நாவலின் பெயரே ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. அவர் எழுதியவற்றோடு உடன்படுவோரும் நம்முள் உண்டு, மாறுபடுவோரும் உண்டு. அது வேறு விவாதம். ஆனால் ஒரு பெண்ணுக்கு எழுத இடமாகக் குளியலறையும், எழுத நேரமாக நள்ளிரவும் மட்டுமே வாய்த்தன என்பதில் நமக்குள் மாறுபாடு இருக்கலாகுமா? அது நம் அனைவரின் நாணத்திற்கும் உரியது.

அதே சமுதாயத்தில்தான், நாகூரில், மூன்றாம் வகுப்பு வரையே படித்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை நல்கினார். முஸ்லிம் பெண்ணால் எழுத முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. எழுத விடுவோமா என்ற கேள்விதான் இன்றும் நிற்கின்றது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தையல் இயந்திரத்தின் முன் நாள்முழுதும் குனிந்திருந்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணையும், கணினித் திரையில் கண்ணைத் தேய்த்துவிட்டுத் திரும்பும் பெண்ணையும் எண்ணிப்பாருங்கள். அவர்களுக்குள் ஒரு கதை இருக்கக்கூடும்; ஒரு கோடு, ஒரு வண்ணம், ஒரு இசை இருக்கக்கூடும். வாசலில் செருப்பைக் கழற்றியதும் இரண்டாவது ஷிப்ட் தொடங்கிவிடுகின்றது. “உன்னைப் பேணிக்கொள்” என்று அவர்களிடம் முகப்பூச்சும் நறுமணச் சோப்பும் விற்கின்றது விளம்பரம். எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று அவர்களுக்குத் தேவைப்படுகின்றது. அதனை வழங்கக்கூடியவர்கள் அந்த வீட்டிலேயே இருக்கின்றனர்.

எனவே நாம் கேட்பது பெரிதன்று. வீட்டுக்கு ஒரு மேசை. அது சிறிதாயினும் சரி. அதற்கு மேல் ஒரு விளக்கு. நாளுக்கு ஒரு மணி நேரம்: சுபுஹுக்குப் பின்னரோ, இஷாவுக்குப் பின்னரோ, அவரவர் ஷிப்டுக்கு ஏற்ப. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மேசையில் அமர்ந்திருப்பவரை எவரும் அழைக்கக் கூடாது. அமர்ந்திருப்பது மகனாயினும், மகளாயினும், மருமகளாயினும் சரியே. அவள் எழுதும் நேரத்தில் பாத்திரங்களை அவன் கழுவட்டும். வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியவர்கள் நம் நபியவர்கள். அந்த வழியைப் பின்பற்ற வெட்கப்படுபவன் எந்த வழியைப் பின்பற்றப் போகின்றான்?

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிப்பா அணியுங்கள்; தாடியும் வளருங்கள்; அவை உங்கள் உரிமை. ஆனால் இரவு வேளையோடு படுத்து, விடியலில் எழுந்து, அம்மேசைக்கு முன்னால் ஆறு மாதம் தவறாமல் அமர்ந்து பாருங்கள். ‘மூடு’ வரும் வழி அதுதான். ஆறு மாதத்தின் முடிவில் உங்கள் கையில் ஒரு படைப்பு இருக்கும். இல்லையேல், உங்கள் துறை இதுவன்று என்ற தெளிவாவது இருக்கும். இரண்டும் இலாபமே.

பெற்றோர்களே! உங்கள் வீட்டில் அந்த மேசை இருக்கின்றதா? இருந்தால், நேற்று அதில் ஒரு மணி நேரம் அமர்ந்தவர் யார்? மகள் ஒருநாளும் அமரவில்லை என்றால், இன்றிரவு உணவு முடிந்ததும் எழுந்து பாத்திரங்களை எடுத்துச் செல்பவர் நீங்களாக இருங்கள்.