ரசீதில் இரண்டு வரி

இந்திய மிக்ஸிகள் பலவற்றின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். கெட்டியாக எதையாவது போட்டு அரைத்து மோட்டார் சூடேறினால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். சற்று நேரம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தினால் மிக்ஸி மறுபடி ஓடும். இது தெரியாதவர் மிக்ஸி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிது வாங்க முஸ்தஃபா கடைக்குக் கிளம்பிவிடுகிறார். மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் கதையும் ஏறக்குறைய இதுதான். சுமை கூடும்போது மோட்டாருக்குப் பதிலாகத் தான் தேய்ந்து உடையட்டும் என்றே அதை மலிவான, மென்மையான பொருளில் செய்கிறார்கள். விலை சில வெள்ளிதான். பல மாடல்களில் அது வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருகினால்தான் கழலும். அது தெரியாமல் இடப்பக்கம் முறுக்குபவர் எவ்வளவு பலம் கொடுத்தாலும் கழலாது, இன்னும் இறுகும். இந்த வேலைக்குக் கேட்கப்படும் கூலியில் பெரும்பங்கு எந்தப் பக்கம் திருகுவது என்ற விவரத்துக்குப் போகிறது.

பழுது பார்ப்பதைப் பற்றிய விவாதம் சிங்கப்பூரில் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது. அதிகாரபூர்வ முகவரிடம் கொடுப்பதா, நாமே செய்துகொள்வதா என்று கேட்கிறோம். முகவரிடம் போகிறவர் நிம்மதிக்குக் காசு கொடுப்பதாகச் சொல்கிறார். தானே செய்பவர் முகவரின் ரசீதைக் காட்டி, இதில் பாதிக்கு மேல் மிச்சம் என்கிறார். இருவரும் ரசீதின் அடியில் உள்ள மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு மேலே இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று உதிரிபாகத்தின் விலை, மற்றது வேலையின் கூலி. இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டால் இந்த ஊரில் கணக்கு ஒரு விநோதமான பக்கம் சாய்கிறது. உதிரிபாகத்துக்கு முகவர் கேட்கும் விலை பல நேரங்களில் நியாயமில்லாதது. கூலியோ பல நேரங்களில் கொடுக்கத் தகுந்தது. நாம் செய்வது இதற்கு நேர் எதிர். பாகத்தின் விலையை வாய் திறக்காமல் கட்டிவிட்டுக் கூலியில் பேரம் பேசுகிறோம்.

முதலில் பாகம். கார் நிறுவனம் தன் காரின் எல்லா உறுப்புகளையும் தானே செய்வதில்லை. ஸ்பார்க் பிளக்கை என்ஜிகே, டென்சோ போன்ற நிறுவனங்களும், எரிபொருள் அமைப்பின் பாகங்களைப் பாஷ் போன்ற நிறுவனங்களும் செய்து கொடுக்கின்றன. டென்சோ 1949-ல் டொயோட்டாவிலிருந்து பிரிந்து வந்த நிறுவனம். இன்று பல கார் நிறுவனங்களுக்கும் பாகங்கள் கொடுக்கிறது. செய்தவர் ஒருவரே ஆனாலும் கார் நிறுவனத்தின் பெட்டியில் வந்தால் ஒரு விலை, செய்தவரின் சொந்தப் பெட்டியில் வந்தால் வேறு விலை. எல்லாப் பாகங்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. சில பாகங்கள் கார் நிறுவனத்தின் பெயரில் மட்டுமே கிடைக்கும். சில மாற்றுப் பாகங்கள் உண்மையிலேயே மட்டமானவை. பாக எண்ணைக் கேட்டு வாங்கி, வெளியே அதற்கு ஈடானது என்ன விலை என்று விசாரிக்கும் பழக்கம் நமக்கு இல்லை என்பதுதான் குறை. ஜாலான் புசார் வட்டாரத்தின் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு அந்த எண் போதும். காரின் தயாரிப்பு ஆண்டைச் சொல்லத் தடுமாறும் வாடிக்கையாளரிடம்கூட அவர்கள் பொறுமையாக எண்ணைக் கேட்டு வாங்கிவிடுவார்கள்.

முகவரின் பாக விலையைப் பற்றி நான் சொல்வது வெறும் சந்தேகம் இல்லை. சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் கார் உதிரிபாகச் சந்தையை ஆராய்ந்தபோது, முகவர்களின் உத்தரவாத நிபந்தனைகள் கார் உரிமையாளர்களைக் கட்டிப்போட்டிருந்தது தெரிந்தது. வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதமே போய்விடும் என்ற பயம் அந்த நிபந்தனைகளிலிருந்து வந்ததுதான். 2017 டிசம்பரில் ஆணையம் முடிவை அறிவித்தது; முகவர்களும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்க ஒப்புக்கொண்டனர். வெளிப் பட்டறை செய்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் மட்டுமே உத்தரவாதக் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. இந்தியாவில் நடவடிக்கை இன்னும் கடுமையாக இருந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததும் அந்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. மேல்முறையீடுகள் பிறகு வந்தன. ஆனாலும் இரண்டு நாடுகளின் ஆணையங்கள் ஒரே தொழிலை ஆராய்ந்து ஒரே மாதிரியான பூட்டைக் கண்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சிங்கப்பூரிலேயே, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் ஓடும் ஒரு வகை மின்தூக்கிகளின் உதிரிபாகங்கள் மற்ற பராமரிப்பு நிறுவனங்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்ற புகாரை ஆணையம் விசாரித்தது. 2018-ல் சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் பாகங்களை விற்க உறுதி அளித்த பிறகே அது முடிவுக்கு வந்தது.

இனி கூலி. அமெரிக்கப் புறநகர் வீட்டின் கராஜில் நின்று எண்ணெய் மாற்றும் மனிதரை யூடியூப்பில் பார்த்துவிட்டு இங்கே அதேபோல் இறங்க முடியாது. நம்மில் பெரும்பாலோர் இருப்பது அடுக்குமாடி வீட்டில். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் பட்டறை ஆகாது. ஜாக்கி வைக்கவும் பழைய எண்ணெயை வடிக்கவும் அங்கே இடம் கிடையாது. சட்டமும் ஒரு கோடு கிழித்திருக்கிறது. பல்பு மாற்றலாம், ஆனால் வீட்டு வயரிங்கில் கைவைக்க உரிமம் பெற்ற மின் ஊழியர்தான் வேண்டும். தண்ணீர்க் குழாயில் ஒரு டேப்பை மாற்றலாம். தண்ணீர் சூடேற்றி என்றால் உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிட வேண்டும். எரிவாயுவைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இதெல்லாம் அரசாங்கத்தின் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நெருக்கமாக அடுக்கிய வீடுகளில் ஒருவர் வீட்டுத் தவறு பக்கத்து வீட்டையும் சுடும் என்பதால் அந்தக் கோட்டை நான் நியாயமென்றே நினைக்கிறேன்.

காருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் 106,000 வெள்ளிக்குப் போனது. அதை அது செல்லுபடியாகும் பத்தாண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 வெள்ளி, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். ஒரு வாரம் பிரித்துப் போட்ட நிலையில் கார் கிடந்தால் 200 வெள்ளிக்கு மேல் சான்றிதழிலேயே போய்விடுகிறது. அனுபவசாலி இரண்டு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை இரண்டு வார இறுதிகளில் முடித்துவிட்டு, கூலி மிச்சம் என்று சொல்பவர் இந்தத் தொகையைக் கழிப்பதில்லை. ஆனால் கேபின் ஃபில்டரை மாற்றுவதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பல ஜப்பானியக் கார்களில் அது கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியின் இரு ஓரத்தையும் உள்ளே அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் உள்ள மூடியைத் திறந்து பழையதை இழுத்துவிட்டு, காற்று போகும் திசைக்கான அம்புக்குறியைப் பார்த்துப் புதியதைச் செருகினால் போதும். ஸ்பேனர்கூட வேண்டாம். வைப்பர் ரப்பரும் இதே ரகம்தான். இவற்றுக்கும் கூலி கேட்கும் ரசீதை மட்டும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

சிலர் பாதுகாப்பைக் காரணம் காட்டுவார்கள். பிரேக்கும் ஏர்பேகும் விளையாட்டு அல்ல என்பார்கள். முழுக்கச் சரி, அதனால்தான் கூலி கொடுக்கத் தகுந்தது என்கிறேன். ஆனால் தேர்ந்த மெக்கானிக் முகவரிடம் மட்டும் இருப்பதில்லை. சின் மிங், காக்கி புக்கிட், ஊபி பக்கம் உள்ள பட்டறைகளிலும் இருக்கிறார். கூலி கொடுப்பது என்ற முடிவும் முகவரிடம் போவது என்ற முடிவும் ஒன்றல்ல. போலிப் பாகங்கள் வெளியே புழங்குகின்றன என்பது இன்னொரு மறுப்பு; இதை இலேசாக ஒதுக்க முடியாது. பெட்டியும் முத்திரையும் அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். இதற்கு மருந்து, ரசீது கொடுக்கும் நிரந்தரக் கடையில் வாங்குவது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்தது என்றே பொதுவாகக் கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பாடு. கையில் ரசீது இல்லாமல் இணையத்தில் பாதி விலைக்கு வாங்கியவர் இந்தச் சட்டத்தைத் துணைக்கு அழைப்பது கடினம். என் நேரத்துக்கும் விலை உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் பாக எண்ணை வைத்து இரண்டு கடைக்கு ஃபோன் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

எனக்குக் கவலை வேறு. இந்த இரண்டு வரியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், பாகத்தைத் தனியாக விற்கும் கடைகள் நகரில் இருக்க வேண்டும். ரோச்சோர் கால்வாயையொட்டி 1930-களிலிருந்து நடந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. திருடர் சந்தை என்று கிண்டல் செய்யப்பட்ட இடம்தான். ஆனால் பழைய ரேடியோவுக்கு ஒரு குமிழ், நின்றுபோன கடிகாரத்துக்கு ஒரு முள் தேடுபவர்களுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. பக்கத்தில் சிம் லிம் டவரில் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் இன்னும் சில்லறையாகக் கிடைக்கின்றன. லிட்டில் இந்தியாவின் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு ஊழியர்களின் கைபேசித் திரையை மாற்றிக் கொடுக்கும் சிறு கடைகளும் இந்தப் பழுதுபார்ப்புப் பொருளாதாரத்தின் பகுதியே. ஊருக்கு வீடியோ கால் பேச அன்று மாலையே ஃபோன் வேண்டும் என்பவரிடம், நிறுவன சேவை மையத்தில் விட்டுவிட்டு வேறொரு நாள் வந்து வாங்கிக்கொள் என்று சொல்ல முடியுமா? 2014-ல் சஸ்டெய்னபிள் லிவிங் லேப் என்ற அமைப்பு தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே தொண்டூழியர் பொருளை வாங்கிச் சரிசெய்து கொடுப்பதில்லை. உரிமையாளரையே பக்கத்தில் உட்காரவைத்துத் திறக்கச் சொல்கிறார். ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேரும் தீவில் இது பொழுதுபோக்கு வேலை என்று ஒதுக்கத் தக்கதல்ல. 2021 ஜூலை முதல் மின்கழிவைச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்கள்மேல் வைக்கப்பட்டுள்ளது. தூக்கி எறிந்த பிறகு வரும் பொறுப்பு அது. எறியாமல் இருக்க உதவும் பாகத்தை விற்கும் பொறுப்பு இன்னும் யார்மேலும் வைக்கப்படவில்லை.

காரின் வயதும் முடிவை மாற்ற வேண்டும். மூன்றாவது ஆண்டில் உள்ள காருக்கு நீண்ட நாள் உழைக்கும் அசல் பாகம் பொருத்தம். ஒன்பதாவது ஆண்டில், சான்றிதழைப் புதுப்பிக்கும் எண்ணம் இல்லாதவர், காரைவிட நீண்ட ஆயுள் கொண்ட கம்ப்ரசருக்கு முழு விலை கொடுப்பது வீண். பதிவு நீக்கப்பட்ட கார்களிலிருந்து கழற்றிய பாகங்கள் இந்த ஊரில் தாராளமாகப் புழங்குகின்றன. அத்தகைய ஒன்று மிச்சமுள்ள மாதங்களுக்குப் போதும். முகவரின் கவுன்டரில் இந்த யோசனை வராது. வாடிக்கையாளர்தான் கேட்க வேண்டும்.

கேட்டாலும் கிடைக்காத நிலை இப்போது வந்துகொண்டிருக்கிறது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். மின்சாரக் காரில் எஞ்சின் எண்ணெய் மாற்றும் வேலையே இல்லை. அந்த அளவில் செலவு குறைவு. ஆனால் இன்றைய கார்களில் ஒரு பாகத்தை மாற்றினால், அதைக் காரின் கணினி அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளத் தயாரிப்பாளரின் மென்பொருள் தேவைப்படும் இடங்கள் கூடிவருகின்றன. பாகம் கையில் இருக்கும், செருகத் தெரிந்த மெக்கானிக்கும் இருப்பார், கார் மட்டும் மறுக்கும். அப்போது ரசீதின் இரண்டு வரியும் ஒன்றாகிவிடும், அதை எழுதுபவரும் ஒருவராகத்தான் இருப்பார். ஆஸ்திரேலியா 2022 ஜூலையிலிருந்து, பழுதுபார்ப்புத் தகவல்களை நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கார் நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துகிறது. இங்கே 2017-ல் உத்தரவாதச் சீட்டில் இருந்த தடையை முகவர்களோடு பேசியே ஆணையம் நீக்கியது. மென்பொருளில் இருக்கும் தடைக்கான சாவி உள்ளூர் முகவரிடம் இல்லை, வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடம் இருக்கிறது; பேச்சுவார்த்தை அங்கே எட்டாது. அதனால் இங்கேயும் சட்டம் வேண்டும், 2030 வருவதற்கு முன்பே.