பிச்சாவரம் யாருக்கு? ரீல்ஸுக்கா, கரையோர மக்களுக்கா?

தோழர்களே, பொங்கல் லீவுக்கு பிச்சாவரம் போட் சஃபாரி பிளான் போடுறீங்களா? தாராளமா போங்க. தாம்பரத்துல ரயில் ஏறினா சிதம்பரம், அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் பஸ். நம்ம சேலையூர்ல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம். ஆனா போறதுக்கு முன்னாடி இதை முழுசா படிங்க. "எக்கோ டூரிசம்"னு பச்சை பெயிண்ட் அடிச்சு விக்கிற எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடுற இடத்துல இருக்கிற காடு இது. இதயக்கனி, தசாவதாரம்னு சினிமாக்காரங்க காட்டின அழகு நமக்குத் தெரியும். சிதம்பரத்துக்கே தில்லைன்னு பேர் வந்தது இந்தக் காட்டுல வளர்ற தில்லை மரத்தாலதான். அதை எத்தனை பேருக்குச் சொன்னோம்?

இந்தக் காடு ஒரு தடவை செத்துப் பிழைச்ச காடு. வெள்ளைக்காரன் காலத்துல ஆரம்பிச்சு, சுதந்திரத்துக்கு அப்புறமும், கூப்பு போட்டு மொத்தமா வெட்டினாங்க. வெட்டின இடத்துல மண் அமுங்கிப் பள்ளமாச்சு. உள்ள வந்த கடல்தண்ணி திரும்பப் போக வழியில்லாம தேங்கி, வெயில்ல வத்தி, உப்பு ஏறி, அப்புறம் எந்தக் கன்றும் முளைக்கலை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோட சேர்ந்து மீன் முள் வடிவத்துல வாய்க்கால் வெட்டி, ஓதத்தண்ணி வந்துபோக வழி பண்ணினாங்க. உப்பு இறங்கிச்சு, காடு திரும்புச்சு. ஆயிரம் கோடி திட்டம் இல்ல. தண்ணி எப்படி ஓடும்னு புரிஞ்சவங்க செஞ்ச வேலை.

அதுக்குப் பலன் 2004 டிசம்பர் 26 அன்னைக்குத் தெரிஞ்சது. கடலை ஒட்டின மணல்திட்டுல இருந்த எம்.ஜி.ஆர். திட்டு சுனாமியில சிதைஞ்சது. அடர்ந்த மரங்களுக்குப் பின்னாடி இருந்த ஊர்கள்ல சேதம் குறைவு. 2005-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு நம்ம கடலூர் மாவட்டக் கரையை வச்சு இதைத்தான் சொன்னது. ஆக, இது பார்க் இல்ல. பின்னாடி இருக்கிற ஜனங்களுக்கு உயிர்க்கவசம்.

இப்போ அரசியலுக்கு வருவோம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியில அலையாத்திக் காடுன்னா உச்சபட்சப் பாதுகாப்பு, 1-ஏ பிரிவு. ஆனா 2019-ல் ஒன்றிய அரசு போட்ட அறிவிக்கையில அதே 1-ஏ பிரிவுக்குள்ள "சூழல் சுற்றுலா"ன்னு ஒரு கதவைத் திறந்து வச்சாங்க. கண்டல் நடைபாதை, மரக்குடில், இயற்கைப் பாதை எல்லாம் திட்டத்தோட அனுமதிக்கலாமாம். குடில்ல ஆரம்பிக்கிறது எதுல போய் முடியும்னு ஊட்டி, கொடைக்கானலைப் பார்த்தவங்களுக்குத் தெரியாதா?

சரி, மாநிலத்துக்கு வருவோம். அங்க படகு விடுறது அரசோட சுற்றுலா வளர்ச்சிக் கழகம், தனியார் இல்ல. அப்போ பதில் சொல்ல வேண்டியதும் அரசுதான். குறுகலான வாய்க்கால்ல மோட்டார் படகு எதுக்கு? அலை அடிச்சுக் கரை அரிக்குது, சத்தத்துல பறவை எழும்புது. வலசைப் பறவைங்க வர்ற அதே நவம்பர், டிசம்பர், ஜனவரியிலதான் நம்ம கூட்டமும் போகுது. ஒடிசாவுல பிதர்கணிகா இருக்கு. முதலை முட்டையிடுற காலம்னு வருஷா வருஷம் மே முதல் ஜூலை வரைக்கும் மூணு மாசம் பூட்டிடுறாங்க. அங்க டூரிசம் செத்துப்போச்சா?

"அப்போ வளர்ச்சியே வேண்டாமா?"ன்னு உடனே கமெண்ட்ல வருவாங்க. வாங்க. யாரோட வளர்ச்சின்னு முதல்ல சொல்லுங்க. தண்ணியில இறங்கிக் கையால தடவி இறால் பிடிச்சு வயித்தைக் கழுவுற இருளர் மக்கள் அங்க இருக்காங்க. துடுப்பு போடுற அண்ணன்மார் இருக்காங்க. அவங்களுக்கு நிரந்தர வேலையும் டிக்கெட் காசுல பங்கும் கொடுங்க, அதுக்குப் பேர் வளர்ச்சி. காட்டுக்குள்ள ஏசி ரூம் கட்டுறதுக்குப் பேர் வேற.

இது ஏதோ கடலூர்க்காரங்க பிரச்சனைன்னு நினைக்காதீங்க. 2022 ஜூலையில ராம்சார் பட்டியல்ல பிச்சாவரத்தோட சேர்ந்தே அறிவிச்சது நம்ம பள்ளிக்கரணையை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரித் தண்ணி கடைசியா போய்ச் சேர்ற சதுப்பு நிலம் அது. அதுமேல பெருங்குடி குப்பைக்கிடங்கு, சுத்தி கட்டடம். 2015-லயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் யார் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ராம்சார் போர்டு மட்டும் எந்த நிலத்தையும் காப்பாத்தாது, தோழர்.

அதனால கேக்குறோம். பிச்சாவரத்துல ஒரு நாளைக்கு எத்தனை படகு, எத்தனை பேருன்னு ஆய்வு பண்ணி, அந்த எண்ணை டிக்கெட் கவுன்ட்டர்லயே எழுதி வைக்கணும். உள்வாய்க்கால்ல துடுப்புப் படகு மட்டும். காட்டுக்குள்ள நிரந்தரக் கட்டடம் கூடவே கூடாது. எதுவா இருந்தாலும் கிள்ளை பேரூராட்சி மக்கள்கிட்ட கேட்டுட்டு அப்புறம் டெண்டர் விடுங்க.

நீங்க போனா துடுப்புப் படகு கேளுங்க. பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டு வாங்க. படகு ஓட்டுற அண்ணன்கிட்ட சுனாமி அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. அவர் சொல்றதை, அவர் சம்மதிச்சா வீடியோ எடுத்து நம்ம பேஜுக்கு அனுப்புங்க. போடுறோம்.

தகவல் தொழில்நுட்ப அணி, சேலையூர்

#பிச்சாவரம் #பள்ளிக்கரணை #காடு_காட்சிப்பொருள்_அல்ல