கயிற்றுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள்

நம்ம ஊரில் புதுப் புத்தக வாசனை என்றால் ஜூன் மாதம். இங்கே கொல்கத்தாவில் அது ஜனவரி. மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வந்த புதிதில் எனக்கு இது பெரிய குழப்பம். எங்கள் கிளைக்கு வரும் அம்மாக்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் "ரிசல்ட் வந்தாச்சு, பாஸ்" என்று ரசகுல்லா டப்பாவை நீட்டினால் யாருக்குத்தான் குழப்பம் வராது!

2022-லிருந்து இங்கே ஜனவரி முதல் தேதியை மாணவர் தினம் என்றும் அதை ஒட்டி வருவதை மாணவர் வாரம் என்றும் மாநில அரசு கொண்டாட ஆரம்பித்தது. முதல் வருஷம் பாவம், கொரோனா மறுபடி ஏறியதால் 3-ஆம் தேதியே பள்ளிகளை மூடிவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்துதான் ஒழுங்காக நடந்தது. ஜனவரி 2 புத்தக நாள். பாடப் புத்தகமும் நோட்டும் கையில் கிடைக்கும். மற்ற நாட்களில் பள்ளியைச் சுத்தம் செய்வது, படம் வரைவது, ஓட்டம், பாட்டு, பெற்றோர் கூட்டம் என்று பள்ளிக்குப் பள்ளி மாறும்.

அரசாங்கம் அறிவிக்கிற வாரங்களைப் பற்றி வங்கிக்காரனான எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. எங்களுக்கும் விழிப்புணர்வு வாரம், அந்த வாரம், இந்த வாரம் என்று வருஷத்துக்கு ஏழெட்டு வரும். பேனர் கட்டி, போட்டோ எடுத்து, மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினால் வாரம் முடிந்தது. அதனால் 2025 ஜனவரியில் பக்கத்துக் கார்ப்பரேஷன் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு நாள் போக வேண்டி வந்தபோது அதே மனசோடுதான் போனேன். போனது கணக்குத் திறக்கிற முகாமுக்காக. ஐக்யஸ்ரீ மாதிரி உதவித்தொகைகள் இங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு, பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆக, முன்பல் விழுந்த வாடிக்கையாளர்கள்! போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டதால் அத்தனை பேரும் போலீஸ்காரர் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபது பிள்ளைகள், மூன்று டீச்சர்கள், காரை பெயர்ந்த கட்டடம். ஆனால் அங்கே நடந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியவில்லை.

இந்த ஊர் தொடக்கப் பள்ளிகளில் 'சிஷு சன்சத்' என்று ஒன்று உண்டு. பிள்ளைகளின் மந்திரி சபை. பிரதமர், சுகாதார மந்திரி, உணவு மந்திரி, விளையாட்டு மந்திரி எல்லாம் உண்டு. இந்தப் பள்ளியின் உணவு மந்திரி நான்காம் வகுப்புப் பெண். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை தலை என்று எண்ணி சமையல்கார மாசியிடம் சொல்வதும், கை கழுவாதவனை வரிசையிலிருந்து நகர்த்துவதும் அவள் இலாகா. என்னையும் சாப்பிடச் சொன்னார்கள். தட்டை எடுக்கப் போனவனை நிறுத்தி, "காக்கு, கையைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். ஸ்டாம்ப் பேட் மை. திரும்பக் குழாயடிக்கு அனுப்பிவிட்டாள் :-)

சுவரில் ஒரு பெரிய தாள். 'தேயால் பத்ரிகா' என்கிறார்கள். நம்ம ஊர் கையெழுத்துப் பத்திரிகை மாதிரிதான், சுவரில் ஒட்டியிருக்கும். பூனை பற்றி ஒரு பாட்டு, தாத்தா ஊர் ஆற்றைப் பற்றி நாலு வரி, கோணல் மாணலாக ஒரு டிராம். எழுத்துப் பிழைகள் அப்படியே இருந்தன. எனக்கு வங்காளம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எனக்கே இரண்டு பிழை கண்ணில் பட்டது என்றால் பாருங்கள். திதிமொணியிடம் (டீச்சரம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கேட்டேன். "நான் திருத்தினால் அது என் பத்திரிகையாகிவிடுமே" என்றார்.

உருளைக்கிழங்கு பொறுக்கி ஓடும் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்கு டிபன் டப்பா. மற்றபடி அந்த வாரம் முழுக்க யாருக்கும் முதல், இரண்டாம் பரிசு கிடையாது. எல்லாருக்கும் ஒரு பென்சில். சாதனை என்று அவர்கள் வாசித்த பட்டியலில், வருஷம் பூராவும் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நாள் விடாமல் வந்தவன் ஒருவன், வீட்டில் பாட்டிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவள் ஒருத்தி. எங்கள் படிவத்தில் அந்தப் பாட்டி கைநாட்டு வைக்காமல் கையெழுத்துத்தான் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இதை ஏதோ ஏழைப் பள்ளியின் இனிமை என்று ரசித்துவிட்டுப் போய்விடலாம். அது சரியில்லை. 2023-ல் வெளியான பட்டியல்படி மேற்கு வங்கத்தில் முப்பது பிள்ளைகளுக்கும் குறைவாக உள்ள அரசுப் பள்ளிகள் எட்டாயிரத்துக்கும் மேல். கொல்கத்தாவிலும் ஏகப்பட்டது. நான் போன பள்ளிக்கும் அந்தக் கத்தி தலைக்கு மேலே தொங்குகிறது. அந்த வாரத்தை அவர்கள் அவ்வளவு உயிரைக் கொடுத்து நடத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். தெருக்காரர்கள் வந்து பார்த்தால் அடுத்த வருஷம் நாலு பிள்ளை கூடச் சேருமே.

இப்போது நம்ம கதைக்கு வருவோம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. பெரிய பள்ளி, பெயர் வேண்டாம். அங்கேயும் ஒரு வாரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: திங்கள் மாடல், செவ்வாய் மாறுவேடம், புதன் சார்ட், வியாழன் அடுப்பில்லாச் சமையல். திங்கள் காலை ஏழு மணிக்கு அப்பாக்கள் காரிலிருந்து தெர்மாகோலை இறக்குகிற அழகைப் பார்க்க வேண்டும். பிள்ளை பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வரும். இந்த மாடல்களை ரெடிமேடாகவே செய்து தருகிற கடைகள் இருக்கின்றன. என் மகள் செருப்பு டப்பாவும் பஞ்சும் வைத்து அவளே நீர்ச் சுழற்சி செய்தாள். மேகம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. முதல் பரிசு வாங்கிய மாடலில் மோட்டார் வைத்து நிஜமாகவே மழை பெய்தது. எட்டு வயசுப் பிள்ளை செய்ததாக நடுவர்களும் நம்பியிருக்க மாட்டார்கள். நம்பாமலேதான் பரிசு கொடுத்தார்கள்.

எங்கள் தொழிலில் இதை மார்ச் 31 டெபாசிட் என்போம். வருஷக் கணக்கு முடிகிற அன்றைக்கு உள்ளே வரும், ஏப்ரல் முதல் வாரத்தில் வெளியே போய்விடும். பாலன்ஸ் ஷீட் பார்க்க லட்சணமாக இருக்கும். கிளையில் பணம் இருக்காது.

இதற்கு மருந்து இந்த ஊரிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 'போஷே ஆங்கோ' கேள்விப்பட்டிருப்பீர்கள். உட்கார்ந்து வரை என்று அர்த்தம். குளிர்காலம் வந்தால் பாராவுக்குப் பாரா, கிளப்புக்குக் கிளப் நடக்கும். மைதானத்தில் கயிறு கட்டுவார்கள். உள்ளே பிள்ளைகள் அட்டை, கலர் டப்பாவோடு சம்மணம் போட்டு உட்கார வேண்டும். தாளை அங்கேயே கொடுப்பார்கள். பெற்றோர் கயிற்றுக்கு வெளியே. அம்மாக்கள் அங்கிருந்தே "வானத்துக்கு நீலம் போடுடா" என்று கத்துவது வேறு விஷயம். கத்தலாம், கை எட்டாது. வானம் சிவப்பாக வந்தால் சிவப்புத்தான்.

இதே ஊரில் விளையாட்டு விழா என்றால் கடைசியில் 'கோ அஸ் யூ லைக்' என்ற மாறுவேடப் போட்டி கட்டாயம் இருக்கும். அதில் நேர் எதிர். ராத்திரி பூராவும் அம்மா தைத்த உடையில், விவேகானந்தரும் நேதாஜியும் தலைப்பாகை கழன்று அழுதுகொண்டிருப்பார்கள். இரண்டு போட்டியும் ஒரே ஊர், ஒரே பிள்ளைகள். வித்தியாசம் அந்தக் கயிறு மட்டும்தான். ஒரு பள்ளி வாரம் நல்ல வாரமா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் இப்போதெல்லாம் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: பெற்றோர் எங்கே நிற்கிறார்கள்?

சரி, அந்தப் பிள்ளைகளுக்குத் தானாகச் செய்ய நேரம் ஏது என்றும் கேட்க வேண்டும். 2022 ஏசர் அறிக்கைப்படி மேற்கு வங்கத்தில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கிறவர்களில் நூற்றுக்கு 74 பேர் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள். நாடு முழுக்க எடுத்தால் முப்பது சொச்சம். இது கிராமங்களில் எடுத்த கணக்கு. நகரத்தில் படம் வரைய டியூஷன், ஆப்ரித்திக்கு (கவிதை ஒப்பித்தல்) டியூஷன், ரவீந்திர சங்கீதத்துக்கு டியூஷன். அதிலும் பரீட்சை, அதிலும் சான்றிதழ். 2024 டிசம்பர் கடைசியில் தொடக்கக் கல்வி வாரியம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே செமஸ்டர் என்று அறிவித்தது. 2025 ஜனவரி 2-ஆம் தேதி, மாணவர் வாரம் ஆரம்பித்த அதே நாளில், அப்போதைய முதலமைச்சர் மம்தா பானர்ஜி அதை வேண்டாம் என்று நிறுத்தினார். அரசியலில் யாருக்கு என்ன லாபம் என்பது எனக்கு வேண்டாத வேலை. ஆறு வயசுக்கு செமஸ்டர் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி.

இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் போனால் சாந்திநிகேதன். தாகூர் 1901-ல் ஐந்து பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளி. அங்கே மகாளய அமாவாசை அன்று ஆனந்த பஜார் என்று ஒரு சந்தை. பிள்ளைகளே பண்டம் செய்து, கடை போட்டு, கூவி விற்பார்கள். வருகிற லாபம் சேவைக்கு. மார்ச் 10-ஆம் தேதி காந்தி புண்யாஹம். 1915-ல் காந்தி வந்திருந்தபோது ஏற்பட்ட வழக்கம். அன்றைக்கு சமையல்காரர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் விடுமுறை, அந்த வேலையை மாணவர்களும் ஆசிரியர்களும் செய்ய வேண்டும். கூட்டிய தரைக்கு யார் கோப்பை கொடுப்பது? கொடுக்காமல் நூறு வருஷத்துக்கும் மேலே நடந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் 2022-23-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். 2024-25-ல் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளையும் சேர்த்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மேடை கிடைப்பது பெரிய காரியம். ஆனால் பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஏணி வைத்த உடனே கூடவே டியூஷனும் ஏறிவிடும் என்பது என் பயம். ஓட்டத்துக்கு ஏணி இருக்கட்டும், யார் முந்தினான் என்று பிள்ளைக்கே தெரியும். பூனைப் பாட்டுக்கு எதற்கு?

தங்கமணி இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "நாளைக்கு உங்களுக்கு இந்தூருக்கோ சென்னைக்கோ மாற்றல் வரும். புதுப் பள்ளியில் பைலைத் திறந்து என்னத்தைக் காட்டுவது? செருப்பு டப்பாவையா?"

நியாயமான கேள்வி. நம்மைப் போல் மூட்டை கட்டித் திரிகிறவர்களுக்கு அந்தப் பைல் ஒரு ரேஷன் கார்டு மாதிரி. ஊரில் தாத்தா பெயர் சொன்னால் போதும், இங்கே பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்தான் பேச வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம், 2009, பதின்மூன்றாம் பிரிவு, பிள்ளையையும் பெற்றோரையும் வடிகட்டிச் சேர்க்கக் கூடாது என்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "சட்டத்தை நீங்களே போய் அட்மிஷன் கவுண்டரில் படிங்க" என்றாள். அவள் பயம் பொய் இல்லை. ஆனாலும் எட்டு வயசில் அந்தப் பைலை நிரப்பப் போய், நம் கையால்தான் எதுவும் நடக்கும் என்று பிள்ளை நினைக்க ஆரம்பித்தால், பதினெட்டு வயசில் எந்த ஊரில் போய் எந்தப் பைலைத் திறப்பது?

லேக் மார்க்கெட் பக்கம் ஃபில்டர் காபியும் கறிவேப்பிலையும் தேடி வருகிற தமிழ்க் குடும்பங்களில் இன்னொன்றும் பார்க்கிறேன். பிள்ளை மேடையேறி முப்பது குறளை மூச்சு விடாமல் சொல்லும். முதல் பரிசு. கையில் இருக்கும் துண்டுச் சீட்டைப் பார்த்தால் அத்தனையும் ஆங்கில எழுத்தில். மார்ச் 31 டெபாசிட்! கடையில் தொங்குகிற தமிழ்ப் பத்திரிகையின் பெயரைப் படி என்றால் அம்மா முகத்தைப் பார்க்கும்.

எங்கள் குடியிருப்பில் நாலைந்து தமிழ்க் குடும்பம் சேர்ந்து பொங்கல் வைப்போம். வரும் பொங்கலுக்கு ஒப்பிக்கும் போட்டியை எடுத்துவிட்டு, மொட்டை மாடியில் கயிறு கட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே பிள்ளைகள், ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை. ஊரில் இருக்கிற தாத்தாவுக்கோ அத்தைக்கோ தமிழில் தெரிந்ததை எழுத வேண்டும். ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் அந்த வார்த்தை, மீதி இடத்தில் படம். 'ற' 'ர' தப்பினால் தப்பட்டும், அப்படியே தபால்பெட்டியில் போடுவது. நாம் எல்லாரும் கயிற்றுக்கு வெளியே காபியோடு.

இரண்டு வீட்டார் சரி என்றுவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் நல்ல மனிதர், கயிறும் தானே வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் சர்டிபிகேட் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை சார், தாத்தா பதில் போடுவார் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.